தளபதியின் சின்னக் கேடயம்

சின்னக் கேடயத்தை முதல் முறை கையில் வாங்கும் யாரும் அதை நெஞ்சோடு சேர்த்து அணைத்துக்கொள்வார்கள். சண்டை கற்றுக்கொள்ள வந்திருக்கும் உங்களில் பாதிப் பேர் இன்று காலை அப்படித்தான் நின்றீர்கள். குறையாகச் சொல்லவில்லை. பயம் வந்தால் கை உடம்பை நோக்கித்தான் வரும். ஆனால் சாப்பாட்டுத் தட்டளவு கேடயத்தை நெஞ்சில் வைத்துக்கொண்டால் அது ஒரு தட்டளவு இடத்தை மட்டும்தான் காக்கும். கழுத்து, தோள், இடுப்பு, தொடை எல்லாம் எதிராளிக்குத் திறந்தே கிடக்கும்.

வீட்டுக்குப் போனதும் செல்போன் டார்ச்சைச் சுவரில் அடித்துப் பாருங்கள். உள்ளங்கையைச் சுவரோடு ஒட்டி வைத்தால் கையளவுதான் நிழல் விழும். அதே கையை வெளிச்சத்துக்கு அருகே கொண்டுபோனால் சுவரே இருட்டாகிவிடும். கேடயமும் அப்படித்தான். எதிராளியின் வாள் எங்கிருந்து புறப்படுகிறதோ அங்கே அதைக் கொண்டுபோக வேண்டும். வாள் வேகமெடுப்பதற்குள் வழியை அடைத்துவிட வேண்டும். நடுகற்களில் செதுக்கியிருக்கும் வீரர்களைப் பாருங்கள். இடது கையில் சின்னதாக ஒரு வட்டம் இருக்கும், அந்தக் கை நீண்டிருக்கும். எனக்குத் தொழில் சொல்லிக்கொடுத்த மாஸ்டர் இதையெல்லாம் விளக்கிக்கொண்டிருக்க மாட்டார். "அதுக்குப் பின்னாடி ஒளியாத. அத முன்னாடி அனுப்பு" என்று ஒரே வார்த்தையில் முடித்துவிடுவார்.

கவசத்தைப் பற்றியும் ஒன்று சொல்லிவிடுகிறேன். சீரியலில் நீங்கள் போடப்போவது பித்தளை வண்ணம் அடித்த ஃபைபர். உள்ளே காற்று போகாது. இந்த ஊர் வெயிலில் உடம்பு முழுக்க மூடிக்கொண்டு ஒருவன் எப்படிச் சண்டை போட்டிருப்பான் என்று யோசித்தால் சிரிப்புதான் வரும். ஆனாலும் அந்த ஃபைபர் ஒரு நாள் ஒருவர் முகத்தைக் காப்பாற்றியதைப் பார்த்திருக்கிறேன். அன்றைக்கே அதே கவசம் ஒருவருடைய கஷ்டத்தை எங்கள் எல்லாருடைய கண்ணிலிருந்தும் மறைத்ததையும் பார்த்தேன். அந்தக் கதையைத்தான் சொல்லப் போகிறேன்.

நான் ரோஸி. இரும்புலியூரில் வீடு. கதாநாயகிகளுக்கு டூப்பாகக் குதிரையிலிருந்து விழுந்தும் மாடியிலிருந்து குதித்தும் பாதி வாழ்க்கை போனது. மீதிப் பாதியில் சரித்திர சீரியல்களுக்குச் சண்டைக் காட்சி அமைத்துக் கொடுத்தேன். முழங்கால் இனி முடியாது என்று சொன்ன பிறகுதான் ஓய்ந்தேன். வாள் வீச்சைக் கற்றுக்கொடுக்க என்னைவிட நல்ல ஆட்கள் இங்கே இருக்கிறார்கள். யூனிட் மொத்தமும் உங்கள் முகத்தையே பார்த்துக்கொண்டிருக்கும்போது என்ன முடிவெடுப்பது என்பதைத்தான் சொல்லித் தர ஆள் கிடையாது.

மாடம்பாக்கம் ஏரியைத் தாண்டி ஒரு காலி நிலத்தில் கோட்டை வாசல் போட்டிருந்தார்கள். பிளைவுட் சுவர், தெர்மாகோல் கற்கள், முன்னால் நிஜமான சரளை மண். கதைப்படி அரசி பின்வாசல் வழியாகத் தப்பிக்கிறாள். அவள் தூரமாகப் போகும்வரை கிழத் தளபதி ஒருவர் மட்டும் முன்வாசலில் நின்று எதிரிப் படைத்தலைவனைத் தடுக்க வேண்டும். கடைசியில் அங்கேயே விழுந்து சாகிறார்.

தளபதியாக நடித்தவர் தனபால் ஐயா. பம்மலிலிருந்து வருவார். நாடக மேடையில் ஆரம்பித்தவர். சினிமாவில் ராஜசபையில் ஈட்டியோடு நிற்கும் காவலனாகவும், கல்யாண மண்டபத்தில் தாம்பூலம் வாங்கும் பெரியவராகவும் வந்து வந்து போனவர். அவருடைய பாத்திரத்துக்கென்று ஒரு பெயர் இருந்தது அந்த சீரியலில்தான். அந்தச் சண்டை அவருக்கு எப்படிப்பட்டது என்பதைப் புரிந்துகொள்ளுங்கள். வீட்டில் தினமும் தட்டைப் பிடித்துக்கொண்டு பழகியதாக என்னிடம் சொன்னார்.

எதிரிப் படைத்தலைவன் முனி. பழைய பெருங்களத்தூர்க்காரன். ரொம்ப வருஷமாக என்னோடு வேலை செய்த ஃபைட்டர். எந்த வேகத்தில் வாள் வந்தாலும் ஒரு விரல் தூரத்தில் நிறுத்தக்கூடிய கை அவனுக்கு. ஒவ்வொரு வெட்டுக்கும் முன்னால் "ஹேய்" என்று ஒரு சத்தம் கொடுப்பான். எதிரே இருப்பவர் தயாராவதற்காக நாங்கள் எல்லாருமே செய்வதுதான்.

காலையில் ரிகர்சல் நன்றாகவே போனது. ஐயா சத்தம் வந்ததும் கேடயத்தைத் தூக்கினார், ஒதுங்கினார், திருப்பி வெட்டினார். தலையை மட்டும் கொஞ்சம் இடது பக்கமாகத் திருப்பியே வைத்திருந்தார். தளபதியின் கம்பீரத்துக்காகச் செய்கிறார் என்று நினைத்துக்கொண்டேன்.

முதல் டேக் போய்க்கொண்டிருந்தபோது தாம்பரம் ஏர்ஃபோர்ஸ் பக்கமிருந்து ஒரு பயிற்சி விமானம் தலைக்கு மேலே தாழ்வாக உறுமிக்கொண்டு போனது. முனி வாளை ஓங்கி ஐயாவின் இடது தோளை நோக்கி இறக்கினான். கேடயம் மேலே எழவே இல்லை. வாள் தோள் கவசத்தில் பட்டுத் துள்ளி, தலைக்கவசத்தின் கன்ன மடலில் 'டப்' என்று அடித்தது. அலுமினிய வாள்தான், கூர் கிடையாது. ஆனால் அந்த மடல் இல்லையென்றால் கன்ன எலும்பு உடைந்திருக்கும்.

எல்லாரும் ஓடினோம். ஐயா சிரித்தார்.

"ஒண்ணும் இல்லம்மா. இந்த ஹெல்மெட் மடல் பக்கவாட்டுல மறைக்குது. அதான்."

நியாயமான காரணம். அந்தத் தலைக்கவசம் போட்ட யாருக்கும் பக்கவாட்டில் பார்வை குறையும். கழற்றி வைக்கச் சொன்னேன். அது இல்லாமல் ஒரு ரிகர்சல் பார்க்கலாம், பிறகு மடலை வெட்டித் தரச் சொல்கிறேன் என்றேன். ரிகர்சல் ஆரம்பித்தது. இரண்டு மூன்று வெட்டுகளை ஐயா சரியாகவே தடுத்தார். அப்போது அடுத்த விமானம் வந்தது.

முனியின் வாள் மேலிருந்து வந்து, ஐயாவின் கழுத்துக்கு ஒரு சாண் தள்ளி நின்றது. முனிதான் நிறுத்தினான். ஐயா நின்ற இடத்தில் நின்றார். கண் சிமிட்டவில்லை, தோள் அசையவில்லை.

"ஐயா, செம்ம தில்லு!" என்று கேமரா அசிஸ்டென்ட் ஒருவர் கைதட்டினார். இன்னும் இரண்டு பேரும் தட்டினார்கள்.

நான் கைதட்டவில்லை. எவ்வளவு தைரியசாலியானாலும் கழுத்துக்குப் பக்கத்தில் வாள் வந்தால் உடம்பு தானாகக் கொஞ்சமாவது சுருங்கும். அதை அடக்கவே முடியாது. ஐயாவுக்கு அங்கே வாள் இருப்பதே தெரியவில்லை.

தண்ணி பிரேக் என்று கத்திவிட்டு அவரைப் பிளைவுட் சுவருக்குப் பின்னால் கூட்டிப்போனேன். எதுவும் பேசாமல் அவருடைய இடது பக்கம் நின்று தண்ணீர் பாட்டிலை நீட்டினேன். அவர் எதிரே பார்த்துக்கொண்டு மார்புக் கவசத்தின் வாரை இறுக்கிக்கொண்டிருந்தார். பாட்டில் அப்படியே என் கையில் இருந்தது.

"ஐயா, தண்ணி."

திடுக்கிட்டுத் திரும்பினார். பாட்டிலைப் பார்த்தார், பிறகு என்னைப் பார்த்தார். எனக்குத் தெரிந்துவிட்டது என்பது அவருக்குப் புரிந்துவிட்டது.

"எப்பலேர்ந்து ஐயா?"

வாரை விட்டுவிட்டு மெதுவாகச் சொன்னார். "கண்ணுல பிரஷர்னு சொன்னாங்கம்மா. வலியே இல்ல, அதனால நான் கவனிக்கல. இடது கண்ணு போயிடுச்சு. திரும்ப வராதாம். வலது கண்ணை மருந்து விட்டுக் காப்பாத்திக்கலாம்னு டாக்டர் சொல்லியிருக்கார்."

"அப்ப முனி சத்தத்த வெச்சுதான் இவ்வளவு நேரம்..."

"சத்தம் நல்லா கேக்குதும்மா எனக்கு. பிளேன் வந்தாதான் கஷ்டம்." அதைச் சொல்லும்போதும் அவர் சிரிக்கப் பார்த்தார். முடியவில்லை. "வெளிய தெரிஞ்சா நாளைலேர்ந்து யாரும் கூப்பிட மாட்டாங்க ரோஸிம்மா. வீட்ல உக்காந்து நான் என்ன பண்ணுவேன்? முனிகிட்ட சொல்லிடாத."

நேர் எதிரே நிற்கும் வலது கைக்காரனின் வாள் நம் இடது பக்கத்துக்குத்தான் வரும். கேடயத்தை இடது கையில் பிடிப்பதே அதற்காகத்தான். அந்தப் பக்கம் முழுக்க அவருக்கு இருட்டு. இதை வைத்துக்கொண்டு காலை முழுக்கச் சண்டை போட்டிருக்கிறார்.

அந்த இடத்தில் நீங்கள் நின்றிருந்தால் என்ன செய்திருப்பீர்கள் என்று யோசித்துப் பாருங்கள். சுலபமான வழி ஒன்று இருந்தது. டூப். ஐயாவின் உயரத்தில் ஒரு பையன் தயாராகவே இருந்தான். மடல் இறங்கிய தலைக்கவசத்துக்குள் யார் முகம் இருந்தால் பார்க்கிறவர்களுக்கு என்ன? ஐயாவை நாற்காலியில் உட்கார வைத்து, அவர் விழுவதை மட்டும் க்ளோஸப்பில் எடுத்துவிடலாம். யாரும் என்னைத் தப்பு சொல்ல மாட்டார்கள். இன்னொரு வழி, அவர் மேல் இரக்கப்பட்டு வாயை மூடிக்கொள்வது. அதையும் சிலர் செய்திருப்பார்கள்.

எனக்கு முதலில் தெளிவானது ஒன்றுதான். அவரிடம் மிச்சம் இருப்பது ஒரே ஒரு கண். அந்த முகத்துக்குப் பக்கத்தில் இனி ஒரு வாள் வீச்சும் வரக் கூடாது. ஆகவே காலையில் அமைத்த சண்டை அதோடு முடிந்தது. வேறு மாதிரிச் சண்டை ஒன்று உண்டா என்பது அப்புறம். அதற்கும் முன்னால் முனிக்குத் தெரிந்தாக வேண்டும்.

"ஐயா, அவன் மூஞ்சிக்கு நேராவும் நீங்க கத்தி வீசறீங்க. அவனுக்குத் தெரியாம ஒண்ணும் நடக்காது. நான் சொல்ல மாட்டேன். நீங்கதான் சொல்லணும். அவன் சரின்னாதான் மேல பேசறது."

அவர் நிறைய நேரம் எடுத்துக்கொள்ளவில்லை. நானே முனியைக் கூப்பிட்டேன். ஐயா தலை நிமிர்ந்து, நாடகத்தில் வசனம் சொல்கிற மாதிரி தெளிவாகச் சொன்னார். முனியின் முகம் சிவந்துவிட்டது.

"இன்னா ஐயா நீங்க? காலீலேர்ந்து என் மூஞ்சாண்ட கத்திய ஆட்டிகினு கீறீங்க. ஒரு வார்த்த சொல்ல வேணாவா? எனுக்கு எதனா ஆச்சின்னா? உங்க கழுத்துல நான் போட்ருந்தா ஆயுசுக்கும் நான் தூங்குவனா?"

"தப்புதாம்பா" என்றார் ஐயா.

"அக்கா, இது பேஜாரு. நான் இந்த ஆட்டத்துக்கு வர்ல." வாளைக் கீழே போட்டுவிட்டு ஏரிக் கரைப் பக்கம் போய்விட்டான்.

அவன் கோபப்பட்டது முழுக்க நியாயம். அவனைச் சமாதானப்படுத்த நான் பின்னால் போகவில்லை. நீங்களும் போகாதீர்கள். உடம்பைப் பணயம் வைக்கிறவனுக்கு வேண்டாம் என்று சொல்ல நேரம் கொடுக்க வேண்டும். அந்த நேரத்தில் நான் டூப் பையனைக் கவசம் போட்டுக்கொள்ளச் சொன்னேன். ஐயா அதைப் பார்த்தார். தன் கேடயத்தை எடுத்து அவனிடம் நீட்டினார்.

முனி அதைப் பார்த்துக்கொண்டே திரும்பி வந்தான். மூஞ்சி கழுவியிருந்தான். டூப் பையனிடம் "நீ கொஞ்சம் இருடா" என்றான். என்னிடம் கேட்டான்.

"அக்கா, நம்ம மாஸ்டரு சொல்வாரே, கேடயத்த எதிராளி கை மேலயே கொண்டாந்து ஒட்டிகினு வுடாத போறது. அத்த வெச்சி எதனா பண்ணலாமா?"

எனக்கும் அதே நினைப்புதான் ஓடிக்கொண்டிருந்தது. சின்னக் கேடயத்தின் நிஜமான பலமே அதுதான். பெரிய கேடயம் சுவர் மாதிரி நிற்கும். சின்னது கை மாதிரி தேடிப்போகும். அதைக் கொண்டுபோய் எதிராளியின் வாள் பிடித்த மணிக்கட்டில் அழுத்திவிட்டால், அவன் வாளை எந்தப் பக்கம் திருப்புகிறான் என்பது உங்கள் கைக்குத் தெரிந்துவிடும். அந்தக் காலத்துச் சண்டைக்காரனுக்குக் கண்ணில் புழுதியும் ரத்தமும் விழுந்திருக்கும், வெயில் எதிரே அடித்திருக்கும். தொட்டுத் தெரிந்துகொள்வது அவனுக்கும் தேவைப்பட்டிருக்கும்.

"ஆனா ஒண்ணு ஐயா" என்றான் முனி. "உங்க கேடயம் என் கைய வுடக் கூடாது. வுட்டுச்சின்னா நான் ரெண்டு எட்டு பின்னால போய்டுவன். நீங்க கத்திய எறக்கிடணும். அப்டியே நிக்கணும். வீசவே கூடாது. சரியா?"

"சரிப்பா."

"சத்தியமா?"

"சத்தியமா."

டைரக்டரிடமும் ஐயாவே போய்ச் சொன்னார். டைரக்டர் சின்ன வயசுக்காரர். வெயில் இறங்கிக்கொண்டிருந்தது, அவருக்கு அந்தக் கவலை வேறு. "சாரி சார், எனக்குத் தெரியாது" என்றவர், என்னைத் தனியாகக் கூப்பிட்டு, "அக்கா, டூப் போட்டுடலாமே. ரிஸ்க் எதுக்கு?" என்றார்.

"டூப் ரெடியா நிக்கறான். புதுசா ஒண்ணு அமைச்சிருக்கேன். ஒரே ஒரு ரிகர்சல் பாருங்க. உங்களுக்குக் கொஞ்சம் பயமா இருந்தாலும் டூப்தான். நான் ஒரு வார்த்தை பேச மாட்டேன்."

ஓங்கி வீசுவதை எல்லாம் எடுத்துவிட்டேன். முனி நெருங்கி வருகிறான். ஐயா கேடயத்தை நீட்டி அவன் மணிக்கட்டில் வைக்கிறார். அவன் இழுக்கிறான், தள்ளுகிறான், சுற்றுகிறான். கேடயம் கூடவே போகிறது. ஐயாவின் வாள் முனியின் இடுப்புக்குக் கீழேதான் போகும், அதுவும் மெதுவாக. அவருக்கு மூச்சு வாங்கியது. அதையும் நான் தடுக்கவில்லை. வயசான ஒருவர் பலசாலி ஒருவனை விடாமல் பிடித்துக்கொண்டு நேரத்தைக் கடத்துகிறார். அரசி தப்பிக்க வேண்டுமே, கதையே அதுதானே? காலையில் அமைத்திருந்த வீச்சுச் சண்டையில் அது இல்லை.

டைரக்டர் மானிட்டரை விட்டு எழுந்து பக்கத்தில் வந்து பார்த்தார். முடிந்ததும் கேமராமேனிடம் திரும்பி, "இன்னும் க்ளோஸா போங்க" என்று மட்டும் சொன்னார்.

டேக்கில் பாதி போனபோது சரளையில் ஐயாவின் கால் வழுக்கியது. கேடயம் முனியின் கையை விட்டது. முனி சொன்னபடி பின்னால் போனான். ஐயா வாளை இறக்கி, சிலை மாதிரி நின்றார். கேமரா ஓடிக்கொண்டிருந்தது, வெளிச்சம் அருமையாக இருந்தது, இன்னும் கொஞ்சம் ஓடட்டும் என்று எல்லாருக்கும் தோன்றியிருக்கும். நான் கட் என்று கத்தினேன். சண்டை அமைப்பவர் கத்தலாம், அதற்கு டைரக்டரிடம் அனுமதி கேட்க வேண்டியதில்லை. இதை மறந்துவிடாதீர்கள்.

முனி சரளையை அவனே காலால் தள்ளிச் சமப்படுத்தினான். ஐயாவின் தோளில் கை வைத்து, "இப்டிதான் ஐயா. இப்டியே நின்னீங்கன்னா எனுக்கு ஒரு பயமும் கிடையாது" என்றான்.

மறுபடி போனோம். நடுவில் விமானம் வந்தது. என் கை தானாக வாய்க்குப் போனது. சத்தத்தில் எதுவுமே கேட்கவில்லை. முனி மணிக்கட்டைத் திருப்பினான். ஐயாவின் கேடயம் அதோடு திரும்பியது. அவன் தோள் இறங்கியது, அவரும் இறங்கினார். விமானம் போன பிறகும் இருவரும் ஒட்டியபடியே சுற்றிக்கொண்டிருந்தார்கள். கடைசியில் ஐயா வாசல் படியில் முழங்கால் மடித்துச் சரிந்தபோது, கதைப்படி அவரைக் கொன்ற முனியே முதுகுக்குக் கை கொடுத்து இறக்கினான். அந்தக் கை ஃபிரேமில் தெரியும். அதை வெட்டிவிடச் சொல்லி யாரும் கேட்கவில்லை.

அன்றைக்குப் பிறகு ஐயா எந்த செட்டுக்குப் போனாலும் முதலில் கண்ணைப் பற்றிச் சொல்லிவிடுவார். அதனால் சில வேலைகள் போயின, அதை மறைக்கப் போவதில்லை. உட்கார்ந்து பேசும் பாத்திரங்கள் சில வந்தன. உங்களுக்கும் முதுகு பிடிக்கும், காது மங்கும், தலை சுற்றும். வெளியே சொன்னால் வேலை போய்விடும் என்று தோன்றும். போகவும் போகலாம். ஆனால் எதிரே வாளோடு நிற்பவனிடம் மட்டும் மறைக்காதீர்கள். உங்களோடு வேலை செய்கிறவர் வந்து சொன்னால், கேட்டதும் டூப்பைக் கூப்பிட ஓடாதீர்கள். கொஞ்சம் நில்லுங்கள். வேறு மாதிரி செய்ய முடியுமா என்று பாருங்கள். முடியாவிட்டால் முடியாது. பார்த்துவிட்டுச் சொல்லுங்கள்.

அந்தக் காட்சி ஒளிபரப்பான மாலை, ஐயா என்னையும் முனியையும் வீட்டுக்குக் கூப்பிட்டிருந்தார். பம்மலில் சின்ன ஹால். ஐயா நடுவில், அவருக்கு இடது பக்கம் பிளாஸ்டிக் நாற்காலியில் அவர் மனைவி விசாலம் அக்கா. கண்ணைப் பற்றி வீட்டில் சொல்லிவிட்டேன் என்று ஐயா என்னிடம் சொல்லியிருந்தார். சொல்லவில்லை என்பது சண்டை ஆரம்பித்த கொஞ்ச நேரத்தில் தெரிந்துவிட்டது.

"இது என்ன சண்டை?" என்றார் விசாலம் அக்கா. "கேடயத்தை இந்தத் தம்பி கையிலேயே வெச்சுக்கிட்டு இருக்கீங்க. எடுக்கவே மாட்டேங்கறீங்க."

ஐயா டிவியையே பார்த்துக்கொண்டிருந்தார். முனி தரையைப் பார்த்தான். அக்கா எங்கள் முகங்களை ஒவ்வொன்றாகப் பார்த்தார். டிவியில் முரசுச் சத்தம் பெரிதாகக் கேட்டது.

"காபி டம்ளர இந்தப் பக்கம் வெச்சா தேடறீங்க. கூப்பிட்டா ஒரு மாதிரி திரும்பறீங்க. வயசாயிடுச்சு, ஞாபகம் இல்லைன்னு நெனச்சேன்." குரல் தாழ்ந்தது. "கண்ணா?"

"இடது கண்ணு, விசாலம். போயிடுச்சு."

"வலது?"

"அது நல்லா இருக்கு. மருந்து விடறேன்."

திரையில் தளபதி படியில் சரிந்துகொண்டிருந்தார். அக்கா அதைப் பார்க்கவில்லை. அழவும் இல்லை, ஏன் சொல்லவில்லை என்று சண்டை போடவும் இல்லை. எழுந்தார். தன் நாற்காலியைத் தூக்கிக்கொண்டு எங்கள் கால்களைத் தாண்டி, ஐயாவின் வலது பக்கம் கொண்டுபோய்ப் போட்டு உட்கார்ந்தார்.

"இப்ப தெரியுதா?"

"தெரியுது" என்றார் ஐயா.